பட்ட மரங்கள்: எதற்குக் கவலை, எதற்கு வேண்டாம்?

தரிசாக விட்ட நிலம் தானாகக் காடாகி வரும்போது நடுநடுவே மரங்கள் பட்டுப்போவதைப் பற்றி இம்மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

திண்டிவனம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். 14 ஆண்டுகளாக உழவில்லை. வேலி போட்டு ஆடு மாடு நுழையாமல் வைத்திருக்கிறோம். சீமைக் கருவேலம், விராலி, வேம்பு, வெள்வேல், உசில் எல்லாம் நெருக்கமாக வந்துவிட்டன. இரண்டு வருடமாக மணிக்கட்டுப் பருமனுள்ள மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. அடியில் கரையானும் இருக்கிறது. மருந்து ஊற்றலாமா? — வாசகர், திண்டிவனம்

மருந்து வேண்டாம். கரையான் பெரும்பாலும் செத்த கட்டைக்கு வருவது. மரம் பட்ட பிறகு அது வந்ததா, வந்ததால் மரம் பட்டதா என்று பார்க்க, மண்பூச்சைச் சுரண்டிவிட்டு உள்பட்டையைக் கத்தியால் கீறுங்கள். பூச்சுக்கு அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் கரையான் வெளிப்பட்டையை மட்டும் தின்கிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

நீங்கள் பார்ப்பது அநேகமாக நெரிசல் சாவு. தரிசில் முதல் சில ஆண்டுகளில் முளைத்தவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒன்றின் தலை இன்னொன்றின் தலையைத் தொடும்வரை எல்லாமே பிழைக்கும். தொட்ட பிறகு கணக்கு மாறுகிறது. ஒரு முழம் முந்தியது வெளிச்சத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பிந்தியது நிழலில் மாட்டி, இலை செய்யும் உணவு தன் மூச்சுக்கே போதாமல், சேமித்த மாவுச்சத்தைத் தின்று தீர்த்து, ஒரு கோடையில் போய்விடும். விராலியும் சீமைக் கருவேலமும் வெளிச்சம் கேட்பவை, நிழலைத் தாங்காதவை. ஆகவே உங்கள் இடத்தில் முதலில் போவதும் அவைதான். காக்கையும் மைனாவும் போட்ட வேம்பு அவற்றின் அடியிலேயே எழும்பி, பிறகு அவற்றையே மூடும்.

இந்தச் சாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1933-இல் அமெரிக்க வனவியலாளர் ரைனெகே, நெருக்கமான ஒரே வயதுத் தோப்புகளை அளந்து, மரங்களின் சராசரி விட்டம் இரண்டு மடங்காகும்போது எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைகிறது என்று காட்டினார். கலப்புக் காட்டில் அது அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் திசை அதேதான். எக்டேருக்கு 6,000 மரம் 5 செ.மீ. விட்டத்தில் நின்ற இடத்தில், 10 செ.மீ. ஆகும்போது 2,000தான் நிற்க முடியும். மீதி 4,000 போயாக வேண்டும். அதைத் தடுக்க முயல்வது வீண் செலவு.

தென்னாற்காட்டு வறண்ட மண்ணில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே போட்டி வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும். மண்ணுக்கு அடியில் நடக்கும் தண்ணீர்ப் போட்டியில் பெரியவனுக்கு அவ்வளவு சாதகம் இல்லை. அதனால் மழை பொய்த்த ஆண்டில் நடுத்தர மரங்களும் சில போகலாம்.

நோயா நெரிசலா என்று நீங்களே பார்த்துவிடலாம். பட்டுப்போன மரங்கள் இருபதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் சுற்றளவையும், இரண்டு மீட்டருக்குள் உயிரோடு இருக்கும் மிகப் பெரிய பக்கத்து மரத்தின் சுற்றளவையும் எழுதுங்கள். பெரும்பாலானவற்றில் பட்டது பக்கத்து மரத்தில் பாதிகூட இல்லை என்றால் நெரிசல். மாறாக, தலை வெளியே தெரியும் பெரிய மரங்கள் போகின்றன, ஒரு மரத்திலிருந்து அடுத்தது என வட்டமாகப் பரவுகிறது, தூரில் விசிறி போலக் கடினமான காளான் இருக்கிறது, பட்டையில் பிசின் வழிந்து துளையும் மரத்தூளும் தெரிகின்றன என்றால் அது வேறு விஷயம். அப்போதுதான் வேளாண் அலுவலரையோ வனத்துறையையோ கூப்பிட வேண்டும்.

பட்டுப்போவது அதிகம் என்கிறீர்கள், ஆனால் எங்கள் காட்டில் மரங்களின் சராசரிப் பருமன் வருடா வருடம் கூடுகிறதே! அப்படியானால் நன்றாக வளர்கிறது என்றுதானே அர்த்தம்? — வாசகி, தேனி

அவசியமில்லை. பத்து மரம் என்று வையுங்கள். சுற்றளவு 10, 10, 12, 12, 14, 20, 24, 28, 30, 40 செ.மீ. சராசரி 20. சின்னது ஐந்தும் பட்டுவிட்டால் மீதி ஐந்தின் சராசரி 28.4. எந்த மரமும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்கவில்லை. சாவு மட்டுமே சராசரியை 8 செ.மீ.க்கு மேல் தூக்கிவிட்டது. மரத்துக்கு எண் போட்டு, அதே மரத்தை மறுபடி அளந்தால் மட்டுமே வளர்ச்சி தெரியும். காடு வளர்ப்புத் திட்ட அறிக்கைகளில் இந்தச் சராசரியைப் பெருமையாகப் போடுவதைப் பார்க்கிறோம். எண்ணிக்கையைப் பக்கத்தில் போடாத சராசரியை நம்பாதீர்கள்.

எங்கள் கல்லூரி வளாகத்தில் 2 ஏக்கர் இயற்கையாக விடப்பட்ட காடு. மாணவர்களை வைத்து மரச்சாவைக் கணக்கெடுக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது? — பேராசிரியர், மதுரை

20 × 20 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கட்டம் 400 சதுர மீட்டர். 25 கட்டம் ஓர் எக்டேர். உங்கள் 2 ஏக்கரில் 20 கட்டம் வரும். மூலைகளில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பியையோ கல்லையோ புதையுங்கள். மரக்குச்சி வைத்தால் அடுத்த வருடம் கரையான் விட்டு வைக்காது.

மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். வனத்துறை மரபில் அது 1.37 மீட்டர், உலக ஆய்வுத் திடல்களில் 1.3. எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். அளந்த இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். கோடு இல்லாமல் ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாக நாடா சுற்றினால், மரம் சுருங்கிவிட்டதாகக்கூடக் கணக்கு வரும். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். எண் குத்திய அலுமினியத் தகட்டை அலுமினிய ஆணியால், அளவுக்கோட்டுக்கு ஒரு சாண் மேலே அடியுங்கள். ஆணி அடித்த இடம் வீங்கும், அது அளவில் சேரக் கூடாது. ஆணியை முழுக்க இறக்காமல் இரண்டு விரற்கடை வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் மரம் பருத்துத் தகட்டை விழுங்கிவிடும். விரற்பருமன் கன்றுக்கு ஆணி கூடாது. தளர்வாகக் கம்பியில் மாட்டுங்கள்.

அடுத்தது, செத்தது எது என்ற தீர்ப்பு. மாணவர்கள் தவறுவது இங்கேதான். பங்குனி, சித்திரையில் இலை இல்லாத உசிலும் கொன்றையும் செத்தவை அல்ல. கணக்கெடுப்பை வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் வையுங்கள். இலை இல்லாத மரத்தில் மார்பளவில் ஒன்றும் தூரில் ஒன்றுமாகப் பட்டையைக் கீறுங்கள். இரண்டிலும் பச்சை இல்லை, துளிரும் இல்லை என்றால்தான் சாவு. மேல்தண்டு பட்டு, தூரில் துளிர் வந்தால் ‘தண்டு பட்டது, மரம் உயிருடன்’ என்று தனியாக எழுதுங்கள். இந்த இரண்டையும் கலந்தால் வறண்ட காட்டுக் கணக்கு முழுதும் பாழ்.

எப்படிச் செத்தது என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்: நின்றபடி பட்டது, வேரோடு சாய்ந்தது, நடுவில் முறிந்தது, வெட்டப்பட்டது, ஆளே காணோம். நின்றபடி என்றால் நெரிசல், வறட்சி, நோய். வேரோடு என்றால் காற்று, ஈர மண். காணாமல் போனதைச் சாவில் சேர்த்து, தனிக்குறியும் போடுங்கள்.

இனிக் கணக்கு. முதலில் 200 மரம், 5 ஆண்டு கழித்து அவற்றில் 150 மீதி. 50-ஐ 5-ஆல் வகுத்து, வருடத்துக்கு 10 மரம், 200-இல் அது ‘வருடம் 5 சதவீதம்’ என்பது தவறு, ஏனென்றால் இரண்டாம் ஆண்டில் சாக 200 மரம் இல்லை. 150-ஐ 200-ஆல் வகுங்கள்: 0.75. கைப்பேசிக் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பி, 0.75-இன் அடுக்காக ஐந்தில் ஒன்றை, அதாவது 0.2-ஐக் கொடுங்கள்: 0.944. ஒன்றிலிருந்து கழித்தால் 0.056, ஆண்டுக்கு 5.6 சதவீதம். இதே வேகத்தில் போனால் பாதி மரங்கள் 12 ஆண்டில் போகும். முதிர்ந்த மழைக்காட்டில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட மரங்களில் இது 1 முதல் 2 சதவீதம். அங்கே பாதி போக 35 முதல் 70 ஆண்டாகும். உங்களுடையது இளங்காடு என்பதால் கூடுதலாக வந்தால் பதற வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. 200 மரத்தில் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு நான்கே சாவு. ஒரு வருடம் இரண்டு, அடுத்த வருடம் ஏழு என்பது வெறும் தற்செயலாகவே வரும். அதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவிடாதீர்கள். குறைந்தது ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பேசுங்கள். இனவாரியாகவும் பருமன்வாரியாகவும் (விட்டம் 1–5, 5–10, 10–30, 30 செ.மீ.க்கு மேல்) பிரித்துப் போடுங்கள். புதிதாக 1 செ.மீ. தாண்டியவற்றையும் எண்ணுங்கள், வரவு தெரியாமல் செலவை மட்டும் பார்த்து என்ன பயன்?

முதுமலையில் வருடா வருடம் தீ, யானை. அப்படியும் காடு இருக்கிறதே. அங்கே எந்த மரம் சாகிறது? — வாசகர், கூடலூர்

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல கணக்கு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் ரா. சுகுமார் குழு, 1988-இல் முதுமலையில் 50 எக்டேர் திடல் அமைத்தது. 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டு, சாவை ஆண்டுதோறும் பார்த்துவருகிறது. வெண்தேக்கு, தேக்கு, கருமருது, வெக்காலி அதிகமுள்ள இலையுதிர் காடு அது.

அங்கே முதல் இருபது ஆண்டுகளில் ஆண்டுச் சாவு விகிதம் சராசரியாக 7 சதவீதத்தை ஒட்டி வந்தது. மழைக்காட்டின் 1–2 சதவீதத்தோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. மழைக்காட்டுக் கணக்கு 10 செ.மீ.யில் தொடங்குகிறது, முதுமலைக் கணக்கில் விரற்பருமன் தண்டும் உண்டு. சாவின் பெரும்பங்கைத் தாங்குவது அந்தச் சிறு தண்டுகள்தான். தரையோடு போகும் புல்தீயில் மெல்லிய பட்டைக்குள் இருக்கும் உயிர்த்திசு வெந்துவிடும். தடித்த பட்டையுள்ள பெரிய மரத்துக்குச் சூடு உள்ளே போவதற்குள் தீ நகர்ந்துவிடும். ஆனால் வெந்ததில் பல, வேர் உயிரோடு இருந்து மழைக்குத் துளிர்க்கின்றன. மறுபடி தீ, மறுபடி துளிர் என்று பல ஆண்டு தரையோடு கிடந்து, தீயில்லாத நாலைந்து ஆண்டு சேர்ந்து வரும்போதுதான் ஒரு தண்டு தப்பி மேலே போகிறது. அதனால் ‘தீ எத்தனை முறை’ என்பதைவிட ‘இடைவெளி எவ்வளவு’ என்பதே முக்கியம்.

யானையின் கதை வேறு. யானை, மரத்தின் இனம் பார்த்துக் கொல்லும். திடல் தொடங்கியபோது மிக அதிகமாக இருந்த கைடியா என்ற நடுத்தர மரத்தை யானைகள் ஒடித்தும் பட்டை உரித்தும் தின்றதில் அதன் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. பக்கத்தில் நின்ற வெண்தேக்குக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. மொத்த விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

வால்பாறையில் கைவிட்ட தோட்டத்தில் வந்த வட்டக்கண்ணி மரங்கள், நன்றாக நின்றவை, ஒரே நேரத்தில் பட்டுவருகின்றன. காடு மறுபடி மொட்டையாகிவிடுமா? — வாசகர், வால்பாறை

வட்டக்கண்ணி முன்னோடி மரம், அதாவது வெட்டவெளியில் முதலில் வருவது. வேகமாக எழும்பும், கட்டை மென்மை, ஆயுள் குறைவு. ஒரே மழைக்காலத்தில் முளைத்தவை ஒரே காலத்தில்தான் கிழடாகும். இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி, குடை மடங்கும்போது அடியில் யார் காத்திருக்கிறார்கள் என்பது.

10 × 10 மீட்டர் கட்டங்கள் சிலவற்றில் இறங்கி, ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த கன்றுகளை எண்ணுங்கள். வெடிப்பலா, நாங்கு, பாலி, கருங்குங்கிலியம் போல நிழலில் பொறுத்திருக்கும் இனங்கள் கட்டத்துக்கு நாலைந்தாவது தட்டுப்பட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். வெளிச்சம் விழுந்த இரண்டு மூன்று ஆண்டில் அவை பாய்ந்து எழும். கன்றே இல்லாமல் உண்ணிச்செடியோ, தானாகப் பரவிய ரொபஸ்டா காப்பியோ மட்டும் இருந்தால், முன்னோடி சாகும்போது காடு முன்னே போகாது, புதராக நின்றுவிடும்.

பழுது பெரும்பாலும் விதையில். இந்த இனங்களின் விதை பெரிது, காற்றில் வராது. கருங்குங்கிலியத்துக்கு இருவாச்சி வேண்டும். பாலிக்கு வௌவால் வேண்டும். பக்கத்தில் பழைய சோலைத்துண்டு இல்லையென்றால் அவை வந்து போட வழியில்லை. அந்த இடத்தில் மட்டும் நடுங்கள். முன்னோடி முழுக்கச் சாகுமுன், ஓரிரு ஆண்டு முன்னதாகவே, உண்ணிச்செடியை அரிவாளால் சீவாமல் வேரோடு பெயர்த்துவிட்டு, ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் முழங்கால் உயரத்துக்கு மேற்பட்ட நாற்றாக நடுங்கள். மொட்டை வெளியில் வெடிப்பலாவை நட்டால் வெயிலில் கருகும். அரை நிழல் இருக்கும்போதே நட வேண்டும்.

சென்னையில் 1,000 சதுர அடியில், மிக நெருக்கமாகக் கன்று நடும் ‘மியாவாக்கி’ முறையில் காடு போட்டோம். ஐந்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பட்டுவிட்டது. ஒப்பந்தக்காரர் மறுநடவு செய்யச் சொல்கிறார். — குடியிருப்போர் சங்கம்

செய்யாதீர்கள். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 3 கன்று என்றால் 280 கன்று. எக்டேருக்கு 500 பெரிய மரம் உள்ள முதிர்ந்த காட்டில் அந்த அளவு இடத்தில் நிற்பது ஐந்து மரம். அதாவது, 275 கன்று சாகவென்றே நடப்பட்டது. அதை நட்ட அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எப்போது செத்தது என்று பாருங்கள். தலைகள் ஒன்றையொன்று தொடுமுன், முதல் ஓராண்டில் போனவை நெரிசலில் போனவை அல்ல. பைக்குள் வேர் சுருண்ட நாற்று, தண்ணீர் குறைவு, இறுகிய கட்டட மண். அது நடவின் குற்றம். தலை மூடிய பிறகு போனவை இயல்பு. இனவாரியாகவும் எண்ணுங்கள். 30 இனம் நட்டு, பூவரசும் புங்கனும் மட்டும் மிஞ்சி, மகிழமும் காயாவும் நிழலில் சாகின்றன என்றால், புதிதாக நடுவதைவிடப் புங்கன் கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுவதுதான் வேலை.

மழை நன்றாகப் பெய்த பிறகும் பெரிய மரங்கள் பட்டுப்போவது ஏன்? — வாசகி, சிவகங்கை

வறட்சியில் வாங்கிய அடி. தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் காற்றுக் குமிழி புகுந்து அடைத்துவிட்டால், உயரமான மரத்தில் உச்சி முதலில் காயும். இலை குறையும், சேமிப்பு கரையும், பலவீனம் பார்த்துத் துளைப்பான் வண்டு இறங்கும். இதெல்லாம் முடிய ஓரிரு ஆண்டு பிடிக்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவுத் திடலில் 1983 எல் நினோ வறட்சியை ஒட்டிய ஆண்டுகளில் மரச்சாவு ஆண்டுக்கு 3 சதவீதத்தை நெருங்கியது, அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அது சுமார் 2 சதவீதம்தான். பெரிய மரங்களுக்கு அடி பலம். உச்சி காய்ந்த மரத்தின் கீழே தடித்த கிளைகளில் துளிர் இருந்தால் வெட்டாதீர்கள், இன்னொரு மழைக்காலம் பாருங்கள்.

நாவல் மரத்தடியில் நூற்றுக்கணக்கில் முளைக்கிறது. அடுத்த வருடம் ஒன்றுகூட இல்லையே? — வாசகர், புதுக்கோட்டை

தாய்மரத்தடியில் அந்த இனத்துக்கே உரிய பூஞ்சையும் பூச்சியும் குவிந்திருக்கும், நிழல் வேறு. சூழலியலாளர்கள் ஜான்சன் 1970-இலும் கானல் 1971-இலும் தனித்தனியே எழுதிய கருத்து இது. காட்டில் ஓர் இனமே எல்லா இடத்தையும் பிடிக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். முளை இரண்டு மூன்று இலை விட்டதும் மண்ணோடு எடுத்து, நாவல் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். விதையாகவே வேண்டுமென்றால் சதையைக் கழுவியவுடன் ஊன்றுங்கள். காயவைத்த நாவல் கொட்டை முளைக்காது.

தானே புயலில் எங்கள் தோப்பின் கத்திச் சவுக்கு எல்லாம் விழுந்தது. அடியிலிருந்த நாட்டு மரங்கள் இப்போது பெரிதாகிவிட்டன. இதுவும் நீங்கள் சொல்லும் சாவுதானா? — வாசகர், புதுச்சேரிப் பகுதி

ஆமாம், ஆனால் தலைகீழ் வகை. நெரிசல் சின்னதைக் கொல்லும். புயல் உயர்ந்ததைக் கொல்லும். 2011 டிசம்பர் 30-இல் தானே கரை கடந்தபோது, 1970-களிலும் பிறகும் செம்மண் மொட்டைக்காட்டை மூட நடப்பட்ட கத்திச் சவுக்குகள் ஏற்கெனவே முதிர்ந்திருந்தன. முறிந்தால் தூரில் சரியாகத் துளிர்க்காத மரம் அது. அடியில் வீரையும் காயாவும் கருங்காலியும் காத்திருந்த தோப்புகளில் மேடை மாறியது. இனி ஒரு புயல் வந்தால் ஒன்று கவனியுங்கள்: சாய்ந்த மரத்தை டிராக்டரில் இழுத்து வெளியே எடுப்பதில் நசுங்கும் கன்றுகள், மரம் விழுந்ததில் நசுங்கியதைவிட அதிகம். துண்டு போட்டுத் தோளில் தூக்குங்கள். வேம்பு, புங்கன் சாய்ந்திருந்து பாதி வேர் மண்ணில் இருந்தால் கிளையைக் குறைத்து அப்படியே விடுங்கள், துளிர்க்கும்.

பட்ட மரத்தை விறகுக்கு எடுக்கலாமா? — பலர்

மெல்லியதை எடுங்கள். 30 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்டதை நிற்க விடுங்கள். குக்குறுவானும் மரங்கொத்தியும் குடைவது அதில்தான், அவை விட்டுப்போன பொந்தில் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறும். நடைபாதை, மின்கம்பி, வீடு இருந்தால் மட்டும், மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் நிற்பதை வெட்டலாம். அப்போதும் தரையோடு அறுக்காமல், ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் முண்டாக விடுங்கள். வெட்டுமுன் பொந்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். தை முதல் வைகாசி வரை பெரும்பாலும் உள்ளே குஞ்சு இருக்கும்.